பொது சுகாதாரத்தோடு ஸ்பானிஷ்: இரண்டாவது மேஜரா, மைனரா?

வணக்கம். கலிபோர்னியாவில் பொது சுகாதாரம் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், ஸ்பானிஷையும் மேஜராக, அதாவது இன்னொரு முதன்மைப் பாடமாக, எடுத்தால் நான்கு வருடத்தில் முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முடியும். ஆனால் உயிர்ப்புள்ளியியலும் தொற்றுநோயியலும் எந்தப் பருவத்தில் வருகின்றன என்று முதலில் பாருங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று பல இடங்களில் வரிசை இருக்கும். ஸ்பானிஷுக்காக வெளிநாட்டில் படிக்கும் பருவம் அதோடு மோதினால் படிப்பு தள்ளிப்போகும். அப்படி மோதினால் மைனரே (துணைப் பாடமே) போதும், தயங்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு என் ஓட்டு கோஸ்டா ரிகாவுக்கு. 1990களிலிருந்து அங்கே பகுதிவாரியாக 'எபைஸ்' என்ற அடிப்படை மருத்துவக் குழுக்கள் இயங்குகின்றன. மருத்துவர், செவிலியரோடு வீடுவீடாகப் போகும் பணியாளரும் அதில் உண்டு. உங்கள் இரண்டு படிப்பும் ஒரே வாசலில் நிற்பதை அங்கே பார்க்கலாம்.

இலக்கியப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது. "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீங்க பாட்டி" என்று தடுமாறாமல் சொல்ல வர வேண்டும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்த்துச் சொல்லும் மருத்துவ உரைபெயர்ப்பாளருக்கான அமெரிக்கத் தேசியச் சான்றிதழுக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். அதைக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், கலிபோர்னியாவில் உள்ள பண்ணைத் தொழிலாளர்களில் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்திலிருந்து வந்த பலருக்குத் தாய்மொழி ஸ்பானிஷ் இல்லை, மிஸ்தெக்கோ என்ற பூர்வகுடி மொழி. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று விட்டுவிடாமல், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.