துறைமுகத்தை நம்பி வாழும் சிங்கப்பூருக்குக் கடல் பாதுகாப்புப் பகுதிகளுக்கான சட்ட இலக்கு சரிப்பட்டு வருமா?

சரிப்பட்டு வரும். ஆனால் இத்தனை விழுக்காடு என்று எழுதி வைப்பதோடு நிறுத்தக் கூடாது.

2022 டிசம்பரில் குன்மிங்-மொன்ட்ரியால் உடன்பாட்டில் ஏற்ற இலக்கு எல்லாருக்கும் தெரியும்: 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது. அது உலகம் முழுமைக்குமான கணக்கு. எட்டாத நாட்டுக்குத் தண்டனை கிடையாது. அதனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் என்ன எழுதுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின் அட்டவணையில் இயற்கைக் காப்பகங்கள் நான்கு. புக்கிட் தீமாவும் மத்திய நீர்த்தேக்கப் பகுதியும் காடு. சுங்கை பூலோவும் லாப்ரடோரும் கடலோரம், 2002-ல் சேர்ந்தவை. முழுக்கக் கடலுக்குள் இருக்கும் இடம் ஒன்றுகூட அதில் இல்லை. 2014-ல் அறிவித்த சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்கா சுமார் 40 ஹெக்டர்தான், அதுவும் காப்பகம் என்ற தகுதியில் இல்லை.

உபின் தீவின் ஓரத்தில் இருக்கும் செக் ஜாவா கடற்கரை இன்னும் கவலை தருகிறது. 2001-ல் மக்கள் குரல் கொடுத்ததால் அங்கே நிலமீட்பு, அதாவது கடலை நிரப்பி நிலமாக்கும் வேலை, தள்ளிவைக்கப்பட்டது. உபின் தீவு மேம்பாட்டுக்குத் தேவைப்படாத வரைக்கும் என்பதுதான் அப்போது தந்த வாக்கு. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் நடைபாதையிலிருந்து குனிந்து பாருங்கள். விரல்நகம் அளவு இலைகளோடு கடற்புல் மணலில் படர்ந்திருக்கும். சில சமயம் அந்தப் புல்லின் நடுவே, யாரோ கையால் வழித்தெடுத்ததுபோல் வளைந்து வளைந்து ஒரு வெற்றுத் தடம் ஓடும். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்ந்த தடம் அது! விலங்கைக் கண்ணால் பார்ப்பது அரிது, தடம் மட்டும் கிடைக்கும்.

அதே ஆவுளியாவுக்காகத் தமிழ்நாடு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காப்பகமாக அறிவித்தது. மீனவர்கள் தினமும் தொழில் செய்யும் கடல் அது. அங்கே முடிகிறதென்றால் இங்கேயும் வழி இருக்கும்.

“கப்பல் போக்குவரத்து என்னாவது?” என்று கேட்பார்கள். பவளத்திட்டுகள் ஆழம் குறைந்தவை, பெரிய கப்பல் எப்படியும் அவற்றை விலக்கித்தான் போகும். பவளத்தை அதிகம் அழித்தது நிலமீட்புதான். பாதிக்கும் மேல் போய்விட்டது. மீதியில் இன்னும் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் உயிரோடு இருக்கின்றன.

எல்லைக்கோடு எண்ணெயைத் தடுக்காது என்பதும் உண்மை. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதியபோது, சட்டப் பாதுகாப்பு உள்ள லாப்ரடோர் கரையிலும் எண்ணெய் படிந்தது. அதனால்தான் பரப்பளவோடு நலத்தையும் இலக்காக வைக்கச் சொல்கிறேன். பவளப் பரப்பு எவ்வளவு, கடற்புல் கூடியதா குறைந்ததா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைப்பது சட்டக் கடமையாக வேண்டும். காப்பகத்துக்குள் நிலமீட்பு என்றால் நாடாளுமன்றம் விவாதித்து வாக்களித்த பிறகே நடக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கென்றே தனிச் சட்டம் இல்லாத நாட்டில் இது மிக அவசியம்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலைக் காக்கும் ஐநா ஒப்பந்தப் பேச்சுகளுக்குத் தலைமை ஏற்று 2023-ல் முடித்துவைத்தவர் நம் தூதர் ரெனா லீ. அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது. அடுத்த கடல் பூங்காவுக்கு லாசரஸ் தீவின் தென்பகுதியும் கூசு பவளத்திட்டும் முன்மொழியப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பூங்காவாக மட்டும் அறிவிக்காமல், காப்பக அட்டவணையிலேயே சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.