சாவு ஒழிந்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா?

கேள்வி: விஞ்ஞானம் சீக்கிரமே மரணத்தை ஒழித்துவிடும் என்கிறார்கள், நடக்குமா? உலகத்தைக் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார்? எப்படியும் சாகத்தான் போகிறோம் என்றால் இந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: மழுப்பவில்லை. மூன்று கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதலாவதற்கு விடை கிடைத்துவிட்டால் மூன்றாவது தானாகத் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

மரணம் ஒழியுமா? ஆவணங்களோடு உறுதி செய்யப்பட்ட மிக நீண்ட ஆயுள் 122 வருஷம். பிரான்ஸில் வாழ்ந்த ஒரு பெண்மணி, 1997-ல் காலமானார். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்தும் கருவியும் வந்துவிட்டன, அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை. நம் ஊரில் சராசரி ஆயுள் கூடியிருக்கிறதே என்பீர்கள். கூடியிருக்கிறது, பெரும்பாலும் குழந்தைகள் சாகாமல் காப்பாற்றப்படுவதால். அது மிகப்பெரிய விஷயம்தான், ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை.

சாகாத செல் உண்டா என்றால், உண்டு. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண் புற்றுநோயில் இறந்துபோனார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஐந்து பிள்ளை பெற்ற அந்தத் தாய்தான் உயிரோடு இல்லை. உடம்பிலுள்ள சாதாரண செல்கள் பெரும்பாலும் ஒரு வரம்புக்கு மேல் பிரியாமல் நின்றுவிடும், பழுதானது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், அப்படி நிற்கவும் அழியவும் மறுத்துப் பெருகுகிற செல்தான் புற்றுநோயாகிறது. சாகாமல் இருப்பது என்றால் என்ன என்று கேட்கிறவர் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்: நீடிக்க வேண்டியது எது, செல்லா, நீங்களா?

வெறுமனே நீடிப்பதுதான் பெருமை என்றால் வேலூரைச் சுற்றி நிற்கிற பாறைக் குன்றுகளைப் பாருங்கள். அந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து அவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் ஆயுளை ஆயிரம் வருஷமாக்கினாலும், கோடி வருஷமாக்கினாலும், "எதற்காக இருக்கிறேன்" என்று ஒரு நாள் காலையில் கேட்பீர்கள். அன்றைக்கும் பதில் இன்றைக்கு இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஆயுள் கணக்கு வேறு, அர்த்தக் கணக்கு வேறு.

சரி, படைப்புக்கு வருவோம். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. அங்கே 1986 முதல் வேலை செய்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஆண்ட்ரமீடா என்ற நட்சத்திரக் கூட்டத்தின் (கேலக்ஸி) பக்கம் திருப்பினால், கண்ணில் விழுவது ஏறத்தாழ 25 லட்சம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம். இப்படித் தூரத்தைப் பார்க்கப் பார்க்க பழையதைப் பார்க்கிறோம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டு, அதன் முதல் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளில் வெளிச்சம் தடையில்லாமல் ஓட முடியாத அளவுக்குச் சூடும் அடர்த்தியுமாக இருந்தது. அந்தத் திரைக்கு அப்பால் எந்தத் தொலைநோக்கியாலும் வெளிச்சத்தை வைத்துப் பார்க்க முடியாது. கணக்குப் போட்டு இன்னும் பின்னால் போகலாம், போயிருக்கிறார்கள். முதல் கணத்தில் அந்தக் கணக்கும் நின்றுவிடுகிறது.

"கடவுளைப் படைத்தது யார்" என்று கேட்டு நம்பிக்கைக்காரரை மடக்கிவிட்டதாக நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்று ஆரம்பித்தால் எல்லாருமே எங்கேயோ ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. பக்தர் கடவுளில் நிற்கிறார், நாத்திகர் பிரபஞ்சத்தில் நிற்கிறார். நின்ற இடத்தைத் தாண்டி எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் மதிப்பேன். எதிராளியிடம் மட்டும் காரணம் கேட்டுவிட்டு, தான் நின்ற இடத்தைக் கேள்விக்கு அப்பாற்பட்டது என்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை. அப்புறம், "அதற்கு முன்னால் என்ன இருந்தது" என்கிறோமே, காலமே அங்கேதான் தொடங்கியது என்றால் அந்த "முன்னால்" என்பதற்கே இடமில்லை. நம் எல்லாக் கேள்விகளுக்கும் விடை காத்திருக்க வேண்டும் என்று பிரபஞ்சம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாவது கேள்விதான் உங்களை வாட்டுகிறது என்று தெரிகிறது. 1896-ல் மதுரையில் 16 வயதுப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. அவன் ஓடவில்லை, செத்தவன் போல் படுத்துக்கொண்டு, சாவது யார் என்று தனக்குள் பார்த்தான். பிறகு திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் ஆனார். 1950-ல் புற்றுநோயில்தான் மறைந்தார். அவர் கண்டதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். சாவு எப்போது ஒழியும் என்று கேட்காமல் சாவது யார் என்று கேட்டாரே, அந்த இடம்தான் எனக்கு முக்கியம்.

எப்படியும் சாகப்போகிறோம் என்பதால் எல்லாம் வீண் என்கிறீர்கள். வேலூர் சி.எம்.சி. வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள் கையில் ரிப்போர்ட்டோடு நிற்பார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-ல் அங்கேதான் நடந்தது. இன்றைக்கு ஒரு தாய் தன் மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறாள் என்று வையுங்கள். மகனும் ஒரு நாள் சாவான், தாயும் சாவாள், அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கொடுக்கிறாள். அந்த மகனுக்குக் கிடைக்கிற பத்து வருஷமோ இருபது வருஷமோ, முடிந்துபோகும் என்பதால் பொய்யாகிவிடுமா? வீண் என்று அவளிடம் போய் உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.