பெங்களூரில் வாடகைக் கட்டடம் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி (கே.ஆர்.புரம்): 30-க்கு 40 மனையில் ஆறு வீடுகள் கொண்ட கட்டடத்தை 2.4 கோடிக்குச் சொல்கிறார்கள், ஐயா. மாதம் 90,000 வாடகை வருகிறதாம். கட்டுபடியாகுமா?

பதில்: ஆண்டுக்கு 10.8 லட்சம் என்றால் விலையில் 4.5 சதவீதம். ஏதாவது ஒரு வீடு ஓரிரு மாதம் காலியாகக் கிடக்கும். சொத்து வரி, மோட்டார் பழுது, ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு எல்லாம் போகக் கையில் நிற்பது 9 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 3.75 சதவீதம்தான். 1.5 கோடியை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 1,30,000 ஆகிவிடும். வாடகையே கடனை அடைத்துவிடும் என்று தரகர் சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். மனை விலை ஏறும் என்று நம்பி வாங்குவது தவறில்லை. அதற்காகத்தான் வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி (அல்சூர்): வாடகைப் பட்டியலை உரிமையாளரே எழுதித் தந்திருக்கிறார். போதுமா?

பதில்: போதாது, அம்மா. நண்பர் ஒருவருக்காக நான் பார்க்கப் போன கட்டடத்தில் ஆறு வீட்டுக்கும் வாடகை எழுதியிருந்தது. இரண்டாவது மாடியில் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தபோது, அந்த வீட்டுக்கார அம்மா, "நாங்கள் வாடகையே கொடுப்பதில்லையே, எட்டு லட்சம் கொடுத்து லீசுக்கு இருக்கிறோம்" என்றார். எதிர்வீடும் அப்படியே. வாடகை வராதது ஒரு பக்கம். காலி செய்யும் நாளில் அந்த 16 லட்சத்தைப் புதிய உரிமையாளரிடம்தான் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்து, குடியிருப்பவரிடம் நேரில் கேட்டு, அட்வான்ஸ், லீஸ் தொகை முழுவதையும் விலையில் கழித்துக்கொண்டு, அதைக் கிரயப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): வில்லங்கச் சான்றிதழில் இதெல்லாம் தெரியாதா?

பதில்: பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். 11 மாத ஒப்பந்தத்தையும், முத்திரைத்தாளில் கையெழுத்திட்டுப் பெட்டியில் பூட்டிவைத்த லீஸ் பத்திரத்தையும் அங்கே தேடிப் பயனில்லை.

கேள்வி (மடிவாளா): கட்டடத்தில் நேரில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் மாடிப்படிக்குக் கீழே உள்ள மீட்டர் பலகை. அனுமதி பெற்ற வரைபடத்தில் மூன்று வீடுகளும் பலகையில் ஏழு மீட்டர்களும் இருந்தால், மீதி வீடுகள் எப்படி முளைத்தன என்று கேளுங்கள். பி காத்தா (விதிப்படி முறையான அனுமதி இல்லாத சொத்துகளை மாநகராட்சி தனியாகக் குறித்துவைக்கும் பதிவு) என்றால் வங்கிக் கடனும் எளிதாகக் கிடைக்காது. அடுத்தது தண்ணீர். 2024 கோடையில் நகரெங்கும் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, காவிரி இணைப்பு இல்லாத கட்டடங்கள் லாரியையே நம்பியிருந்தன. தரகர் அழைக்கும் மாலை நேரத்தில் போகாமல், காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். வாசலில் குடங்கள் வரிசையில் நின்றால், கடந்த மார்ச், ஏப்ரல் மாதங்களின் லாரிச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.