இடக்கைக்காரரிடம் வலக்கை கிட்டார்: தடுமாறுவது எந்தக் கை?

கேள்வி: எனக்கு இடக்கைப் பழக்கம். ஆறு மாதமாக வழக்கமான வலக்கை கிட்டாரில் பழகுகிறேன். கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் அமைப்பு) பிடிப்பது சுலபமாக வந்துவிட்டது. கம்பிகளை வருடி மீட்டும் ஸ்ட்ரம்மிங் மட்டும் தாளத்தில் நிற்க மறுக்கிறது. கம்பிகளைத் திருப்பிக் கட்டி இடக்கையால் மீட்டலாமா, அல்லது இடக்கை கிட்டார்தான் வாங்க வேண்டுமா? வயலினும் கற்க ஆசை.

பதில்: கார்டு உங்களுக்குச் சுலபமாக வந்ததில் வியப்பில்லை. வலக்கை கிட்டாரில் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரல் வைக்கும் வேலை உங்கள் பழகிய கைக்குப் போய்விடுகிறது. தாளம், ஒலியின் அழுத்தம், மென்மை எல்லாம் பழகாத கையின் பொறுப்பு. தொடக்கத்தில் எல்லோருக்கும் கார்டுதான் கஷ்டம் என்பதால், வலக்கையைக் கவனிக்காமலே ஆறு மாதம் ஓடிவிடுகிறது. கிட்டார் கலைஞர்கள் மார்க் நாஃப்ளர், கேரி மூர் இருவரும் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள். வலக்கை கிட்டாரில்தான் வாசித்தார்கள். ஆகவே முடியாத காரியமில்லை. ஆனால் வலக்கைக்குத் தனிப்பயிற்சி வேண்டும்.

எட்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். இடக்கை விரல்களை ஆறு கம்பிகள் மீதும் லேசாகப் படர விடுங்கள். அழுத்தக் கூடாது, சுரம் வராமல் ‘சக் சக்’ என்ற சத்தம் மட்டும் வர வேண்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று. தினம் பத்து நிமிடம், கார்டே வேண்டாம். இரண்டு நிமிடம் பிசகாமல் போனால் மட்டும் வேகத்தை 4 கூட்டுங்கள். அடுத்து, சில அடிகளில் கம்பியைத் தொடாமல் கையை மட்டும் ஆட்டுங்கள். ஒலி வராத இடத்தில் கை நின்றுவிடுவதுதான் பெரும்பாலும் தாளம் உடையக் காரணம். ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் கை ஊஞ்சல் மாதிரி போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கையும் பாருங்கள். விரலுக்கு வெளியே 3 அல்லது 4 மி.மீ. நீட்டியிருந்தால் போதும். பழகாத கை பயத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும். மணிக்கட்டு விறைத்து, முழங்கையிலிருந்து அடிக்கத் தொடங்குவீர்கள். பிக் அவ்வப்போது நழுவி விழுந்தால் பரவாயில்லை, இறுக்கம் குறைகிறது என்று அர்த்தம். (வலக்கையால் பல் துலக்கினால் ஸ்ட்ரம்மிங் வந்துவிடும் என்பார்கள். பல் துலக்கத்தான் வரும்.)

எட்டு வாரத்துக்குப் பிறகும் 80 வேகத்தில் கை தடுமாறினால் இடக்கை கிட்டாருக்கு மாறுங்கள். ஆறு மாத உழைப்பு வீணாகாது. காதும் தாள அறிவும் கூடவே வரும்.

கம்பிகளைத் திருப்பிக் கட்டுவது பற்றி: ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை கிட்டாரைக் கவிழ்த்துக் கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தவர்தான். ஆனால் அது எலெக்ட்ரிக். ஒவ்வொரு கம்பிக்கும் தனி சாடில் (கிட்டாரின் உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை), முன்னும் பின்னும் நகர்த்தலாம். அகூஸ்டிக்கில் அந்த வசதி இல்லை. சாதாரண லைட் கம்பி செட்டில் முதல் கம்பி 0.012 அங்குலம், ஆறாவது 0.053 அங்குலம். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலுள்ள வெட்டுகளும் அதே கணக்கில்தான் இருக்கும். தடித்த கம்பி குறுகிய வெட்டில் இறங்காமல் மேலேயே நிற்கும். முதல் ஃபிரெட்டில் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். மெல்லிய கம்பியோ அகன்ற வெட்டில் ஆடும், ஃபிரெட்டில் உரசி இரையும்.

நட்டைப் புதிதாக வெட்டிப் போட்டுவிடலாம். சாடில்தான் தலைவலி. அது தடித்த கம்பிப் பக்கம் சற்றுப் பின்தள்ளிச் சாய்வாக இருக்கும். கம்பிகளைத் திருப்பினால் சாய்வும் தலைகீழாகிறது. 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பியின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் சுருதி காட்டும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நிற்கும். சரிசெய்ய, சாடில் பதிந்திருக்கும் பிரிட்ஜில் புதுப் பள்ளம் வெட்ட வேண்டும். நைலான் கம்பி கிட்டாரில் பெரும்பாலும் சாடில் நேராகவே இருக்கும், அதில் நட்டை மாற்றினாலே ஓரளவு தேறும்.

கம்பியை மாற்றாமல் கிட்டாரை மட்டும் கவிழ்த்து வாசித்தவர்களும் உண்டு: நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டன், ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங். கட்டைவிரலால் மேல்சுரம், மற்ற விரல்களால் கீழ்சுரம் என்பது காட்டனின் தனி வழி. அந்த வழியில் புத்தகத்துக் கார்டு வடிவம் எதுவும் உதவாது. உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வயலினைப் பொறுத்தவரை வலக்கை முறையிலேயே தொடங்குங்கள். உள்ளே தடித்த கம்பிப் பக்கம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் காலுக்குக் கீழே நீளமாக ஒரு சட்டம் ஒட்டியிருக்கும். மறுபக்கக் காலருகே ஒரு சிறு மரத்தூண். கம்பியை மட்டும் திருப்பினால் இரண்டும் இடம் மாறாமல் நிற்கும், ஒலி கெடும். முறையாக மாற்ற மேற்பலகையையே திறக்க வேண்டும். இடக்கை விரலில் காயம்பட்ட வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ் போன்றவர்களுக்கு இடக்கை வில் நியாயம். பக்கத்தில் அமர்பவரின் வில் எதிர்ப்பக்கம் போகும் குழு வாசிப்பில் அது வீண் இடைஞ்சல்.

இடக்கை கிட்டார் வாங்குவதானால் சாடிலின் சாய்வு, கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகள் இரண்டையும் பாருங்கள். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்தால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வலக்கை கிட்டாரைத் திருப்பி விற்கிறார்கள். கம்பியையும் ஃபிரெட் எண்ணையும் காட்டும் டேப் குறிப்புகளை அப்படியே படிக்கலாம். கார்டு படங்களை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றிக்கொள்ளுங்கள்.