வாசகர் கேள்வி–பதில்: வாளையாறு தாண்டினால் 99 வருஷ லீஸ் செல்லுமா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அக்கா மருமகன் லண்டனில் இருக்கிறார். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார், ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான) கார்டு உண்டு. ஊரில் 3 ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. "அவர் பேரில் கிரயம் ஆகாது. 99 வருஷத்துக்கு லீஸ் எழுதிக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: முதல் பாதி சரி. அந்த இரண்டாம் பாதியில்தான் பணம் போகும்.

என்.ஆர்.ஐ.யும் ஓ.சி.ஐ. கார்டு உள்ளவரும் வீடு, ஃப்ளாட், கடை வாங்கலாம்; எத்தனை என்ற கணக்கு இல்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் அன்னியச் செலாவணிச் சட்டப்படி (ஃபெமா) வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது. தென்னந்தோப்பு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

லீஸ் கதை வேறு. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1963, பிரிவு 74 புதிதாக யாருக்கும் நிலக் குத்தகை கொடுப்பதையே தடுக்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே கதிதான். மீறி எழுதிய பத்திரம் செல்லாது. பொள்ளாச்சியில் தோப்புக் குத்தகை நடப்பதைப் பார்த்துவிட்டு அதையே பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான். வீடு, கடை போன்ற கட்டடமும் அதை ஒட்டிய இடமும் விதிவிலக்கு. 'லைசென்ஸ்', 'பங்கு சாகுபடி' என்று தலைப்பை மாற்றினாலும், நிலம் முழுக்க யார் கையில் இருக்கிறது என்றுதான் கோர்ட் பார்க்கும்.

அடுத்து புரோக்கர் "உங்க பேர்ல வாங்கிடுங்க" என்பார். பணம் மருமகனுடையது, பத்திரம் உங்கள் பேரில் என்றால் அது பினாமி. சொத்து பறிமுதலாகும். 1 முதல் 7 வருஷம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். ஃபெமா மீறலுக்குத் தனியாக, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை.

அவருக்கு ஊரில் ஒரு பிடிமானம் வேண்டுமென்றால் வீட்டோடு கூடிய புரயிடம் (வயல் அல்லாத மேட்டு மனை) பாருங்கள். கரமடைத்த ரசீதை மட்டும் காட்டி விற்பார்கள்; அது வரி கட்டியதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல. முன்னாதாரங்களை (பழைய பத்திரங்களை) 30 வருஷத்துக்கு வரிசையாக வாங்கிப் படியுங்கள், குடிக்கட (வில்லங்க) சர்ட்டிபிகேட் எடுங்கள். வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் 'நிலம்' என்றிருந்தால் அது வயல் கணக்கு. 2008 நெல்வயல் சட்டத்தின் டேட்டா பேங்க்கில் (வயல்களின் பட்டியலில்) ஏறியிருந்தால் வீடு கட்டுவதே பாடு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பணம் வங்கி வழியாகவோ வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்தோ வர வேண்டும். கையில் கொண்டுவரும் பவுண்டு நோட்டு ஆகாது. லண்டனில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பதிவு முடிந்ததும் போக்குவரவு (நம்மூர் பட்டா மாற்றம் போன்றது) செய்து தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீஸ் நிலவரிக் கணக்கு) மாற்றாமல் விட்டால் விற்கும்போது மறுபடி வில்லேஜ் ஆபீஸ் படி ஏற வேண்டும்.

குமுளி வாசகி: எங்கள் வீட்டு மாடியை ஒரு பிரெஞ்சுக்காரர் 10 வருஷத்துக்குக் கேட்கிறார். முன்பணம் மொத்தமாகத் தருகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: கட்டடம் என்பதால் நிலச் சீர்திருத்தச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் இந்திய வம்சாவளி அல்லாத, வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் 5 வருஷத்துக்கு மேல் லீஸ் கூடாது. '5 வருஷம், முடிந்ததும் தானாக இன்னொரு 5' என்று எழுதுவது அதே 10 வருஷம்தான். முடிந்த பிறகு புதிதாக எழுதுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் விடுவதை நம் ஊரில் லீஸ் என்கிறோம், அது ஒத்தி. 5 வருஷம் கழித்து முழுத்தொகையையும் திருப்பித் தர முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. மாத வாடகையும் சில மாத அட்வான்ஸும் போதும். அவர் மாட்டும் ஏ.சி., கட்டும் குளியலறை போகும்போது யாருக்கு என்பதை எழுதிவிடுங்கள்: எழுதாவிட்டால் அவர் பொருத்தியதைக் கழற்றிப் போக அவருக்கு உரிமை இருக்கிறது. வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் தகவலை (முன்பு 'சி' படிவம்) ஆன்லைனில் அனுப்புவது உங்கள் பொறுப்பு, அவருடையது அல்ல.

வண்டிப்பெரியாறு வாசகர்: அத்தான் இலங்கைக் குடிமகன். இங்கே ஒரு வீடு வாங்க முடியுமா?

பதில்: ரிசர்வ் வங்கி முன் அனுமதி இல்லாமல் முடியாது, 5 வருஷம் வரை லீஸ் எடுக்கலாம். ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தால் இந்தத் தடை இல்லை.

உடும்பன்சோலை வாசகி: அப்பாவின் ஏலத்தோட்டம் கனடாவில் இருக்கும் என் தம்பிக்கும் பங்காக வருகிறது. அவன் கனடா குடிமகன், ஓ.சி.ஐ. பங்கு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். தோட்டத்தை வாங்கத்தான் தடை, வாரிசாக வருவதற்கு இல்லை. விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கலாம். பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டியபின், வெளியே கொண்டுபோகலாம்.

முதலில் ஒன்றைப் பாருங்கள்: அது பட்டய நிலமா (பட்டா உள்ள சொந்த நிலமா), அரசு ஏலச் சாகுபடிக்குக் குத்தகைக்குக் கொடுத்ததா? குத்தகை என்றால் பங்கு பிரிப்பது குத்தகை உரிமையைத்தான், மண்ணை அல்ல. தோட்டத்தில் நிற்கும் மரங்களும் அரசுடையவை. அப்பா பேரில் குத்தகை கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற காகிதத்தைத் தேடி எடுத்த பிறகு பாகப்பத்திரத்துக்கு வக்கீலைப் பாருங்கள்.