ஈஸ்டர் தேதி வேதாகமத்தில் இருக்கிறதா, திருச்சபை வைத்ததா?

தேதி வேதாகமத்தில் இல்லை. ஆனால் தேதியை நிர்ணயிக்க உதவும் இரண்டு விவரங்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று எளிதில் பொருந்தி வராததுதான் இத்தனை நூற்றாண்டுச் சிக்கலுக்கும் காரணம்.

முதலாவது பஸ்கா. முதலாம் மாதம் (நிசான்) பதினாலாம் தேதி அந்திநேரத்தில் பஸ்கா என்கிறது லேவியராகமம் 23:5. அது நிலவை வைத்து எண்ணும் மாதம். பதினாலாம் தேதி பௌர்ணமியை ஒட்டியே வரும். இயேசு சிலுவையில் அறையப்பட்டது அந்தப் பண்டிகைச் சமயத்தில். இரண்டாவது கிழமை. வாரத்தின் முதலாம் நாள் காலையில் கல்லறை காலியாக இருந்தது என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. அப்படியானால் தேதியைப் பிடித்துக்கொள்வதா, ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள்வதா? வருடாவருடம் இன்ன நாளில் உயிர்த்தெழுதலைக் கொண்டாடுங்கள் என்ற கட்டளையே புதிய ஏற்பாட்டில் கிடையாது.

ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். ஆசியா மைனர் (இன்றைய துருக்கிப் பகுதி) சபைகள் நிசான் 14-ஐப் பிடித்துக்கொண்டன. அப்போஸ்தலன் யோவானிடமிருந்து வந்த வழக்கம் என்றார்கள். ரோமில் ஞாயிறு. சுமார் கி.பி. 155-ல் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப், வயதான காலத்தில் ரோமுக்கே போய் அங்கிருந்த ஆயர் அனிசேட்டஸுடன் இதைப் பேசினார். ஒருவர் மனதை ஒருவர் மாற்ற முடியவில்லை. ஆனாலும் அனிசேட்டஸ் தம் சபையில் நற்கருணை நடத்தும்படி பொலிகார்ப்புக்கு இடம் விட்டுக் கொடுத்தார். சமாதானமாகப் பிரிந்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். சுமார் 190-ல் ரோமின் ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை ஒதுக்கிவைக்கக் கிளம்பியபோது, லியோன் நகர ஆயர் ஐரேனியஸ் இந்தச் சந்திப்பை நினைவூட்டித்தான் அவருக்குப் புத்தி சொன்னார்.

325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணக்கைச் சார்ந்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. கணக்குச் சூத்திரம் எதையும் அது தன் விதிகளில் எழுதி வைக்கவில்லை. அலெக்சாந்திரியாவின் கணக்கு முறைதான் அப்புறம் மெல்ல மெல்ல எங்கும் பரவியது. சம பகலிரவு நாளாக வைத்துக்கொண்ட மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இந்தப் பௌர்ணமி வானத்தில் பார்ப்பது அல்ல, 19 ஆண்டுச் சுழற்சியை வைத்துப் போட்ட அட்டவணைப் பௌர்ணமி. 2019-ல் வானியல்படி சம பகலிரவு நாளுக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே பௌர்ணமி வந்துவிட்டது. அதன்படி மார்ச் 24 ஈஸ்டராக இருந்திருக்கும். அட்டவணைப்படி ஏப்ரல் 21 ஆனது.

ஈஸ்டர் தேதியில் கிழக்கும் (ஆர்த்தடாக்ஸ் சபைகள்) மேற்கும் (கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகள்) பிரிந்தது, 1582-ல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்திய பிறகு. பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் ஈஸ்டருக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருக்கின்றன. அதன் மார்ச் 21, நமக்கு ஏப்ரல் 3. அவர்களுடைய நிலவு அட்டவணையும் சில நாள் பின்தங்கியிருக்கிறது. அதனால்தான் 2024-ல் மேற்கில் மார்ச் 31, கிழக்கில் மே 5.

பாரம்பரியமே வேண்டாம், வேதத்தின்படி நிசான் 14-க்கே திரும்புவோம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆவலை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று நிசான் 14 எது என்று யார் சொல்வது? இயேசுவின் காலத்தில், பிறை பார்த்தவர்களின் சாட்சியை வைத்து மாதப் பிறப்பை அறிவித்தார்கள். இன்றைய யூத நாட்காட்டி, ரபீக்கள் பிற்காலத்தில் வகுத்த நிரந்தரக் கணக்கு. பிறையையும் வாற்கோதுமை விளைச்சலையும் பார்த்து மாதம் எண்ணும் கராயிட் யூதர்களுக்கு சில வருடங்களில் பஸ்காவே வேறு தேதியில் வரும். ஆகவே நிசான் 14-க்குப் போனாலும் ஏதோ ஒரு பாரம்பரியத்தின் கையைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

என் நிலைப்பாடு இது: "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து" என்று 1 கொரிந்தியர் 5:7 சொல்வதும், அவர் முதற்பலனானார் என்று 15:20 சொல்வதும் பண்டிகையின் பொருளை நிச்சயப்படுத்துகின்றன. நாளை வைத்து ஒருவரையொருவர் குற்றப்படுத்த வேண்டாம் என்று கொலோசெயர் 2:16 இடம் விடுகிறது. அந்த இடத்தில் திருச்சபை ஒரு கணக்கை வைத்தது தவறே அல்ல. ஒரே விசுவாசத்தார் ஐந்து வாரம் தள்ளித் தள்ளிக் கொண்டாடுவதுதான் எனக்கு வருத்தம். 1997-ல் சிரியாவின் அலெப்போவில் கூடிய பல சபைகளின் பிரதிநிதிகள் ஒரு நல்ல வழி சொன்னார்கள்: நிசேயாவின் நெறி அப்படியே இருக்கட்டும், சம பகலிரவையும் பௌர்ணமியையும் மட்டும் எருசலேமின் தீர்க்கரேகையை வைத்து வானியல்படி கணக்கிடுவோம் என்று. இதில் மேற்கும் கிழக்கும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எந்தப் பக்கமும் தோற்றதாகாது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இப்போதைக்கு இரண்டு கணக்கும் தாமாக ஒத்துப்போகும் வருடங்கள்தான் உண்டு: 2025-ல் ஏப்ரல் 20 அப்படி அமைந்தது, அடுத்தது 2028-ல் ஏப்ரல் 16.