கருத்தரங்கு முடிந்தது, கேலி முடியவில்லையே?

கேள்வி: நான் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். மாணவர்களுக்குப் பாலின விழிப்புணர்வுக் கருத்தரங்கு ஒன்று நடத்தினோம். நன்றாகக் கைதட்டினார்கள். மறுநாளே வகுப்பில் பழைய கேலிதான். பாட நேரம் குறையாமல் வேறு என்ன செய்யலாம்?

பதில்: கைதட்டல் பேச்சாளருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் ஆய்வகத்தில் வேலை பழையபடியே பிரிந்தால், மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள். எனவே ஆய்வகத்திலிருந்தே தொடங்குங்கள்.

குழுக்களைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியைத் திருப்புவது யார், ரீடிங்கைக் குறித்துக்கொள்வது யார்? "உன் கையெழுத்து அழகா இருக்கும், நீயே எழுதிடு" என்று ஒரு மாணவியிடம் நோட்டைத் தள்ளுவது பாராட்டு போலத்தான் தெரியும். ஆனால் பருவம் முழுக்க அவள் கருவியைத் தொட்டிருக்கவே மாட்டாள். இதற்கு அறிவுரை வேண்டாம். கருவி, பதிவு, கணக்கீடு என்று வேலைகளைப் பிரித்து, ஒவ்வொரு சோதனைக்கும் ஆளை மாற்றுங்கள். யார் எதைச் செய்தார்கள் என்பது ரெக்கார்டில் இருக்கட்டும். வாய்மொழித் தேர்வில் எல்லோரிடமும் கருவியைப் பற்றிக் கேளுங்கள். மதிப்பெண் வருகிறதென்றால் முறை தானாக நிலைத்துவிடும்.

வகுப்பில் முதல் கேள்வி யாருடையது என்பதும் முக்கியம். 10 நாடுகளில் நடந்த ஆய்வுக் கூட்டங்களைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்டதைக் காட்டியது. முதலில் ஆண் கேட்ட கூட்டங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சட்டென்று உயரும் முதல் கைக்கே வாய்ப்புத் தராமல், சில நொடிகள் பொறுத்து அறை முழுவதையும் பாருங்கள்.

கேலிக்கு வருவோம். "பொண்ணுங்களுக்கு சர்க்யூட் எல்லாம் வராது சார்" என்று ஒருவன் சொல்லி, நாலு பேர் சிரித்தால், பத்து நிமிடப் பிரசங்கம் வேண்டாம். அது அவனை வகுப்பின் நாயகனாக்கிவிடும். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது, விளக்கு" என்று சாதாரணக் குரலில் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் பாடத்தைத் தொடருங்கள். "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று மட்டும் அந்த மாணவியைக் கேட்காதீர்கள். மென்மையாகப் பேசும் மாணவனையோ திருநர் மாணவரையோ குறிவைத்த கேலிக்கும் இதேதான். ஒருவர் தன்னை எந்தப் பெயரில் கூப்பிடச் சொல்கிறாரோ, அந்தப் பெயரிலேயே கூப்பிடுங்கள்.

கொஞ்சம் நம் பக்கமும் பார்க்க வேண்டும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பம் சிலருக்கு ஆண் பெயரிலும் சிலருக்குப் பெண் பெயரிலும் தரப்பட்டது. ஆண் பெயருக்கே திறமை அதிகம் என்றார்கள். சம்பளமும் கூடுதலாகச் சொன்னார்கள். பெண் பேராசிரியர்களும் அப்படித்தான்! ஆகவே விடைத்தாள்களைப் பெயரை மறைத்து, எண்ணை மட்டும் வைத்துத் திருத்துங்கள்.

ஒன்று மட்டும் தனி. பின்தொடர்தல், தொடுதல், படங்களைப் பரப்புதல் எல்லாம் விழிப்புணர்வு வகுப்பில் தீர்க்கும் விஷயமல்ல. இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசாமல், புகார் கொடுக்க விரும்புபவருக்குத் துணையாக, கல்லூரியின் புகார்க் குழுவிடம் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.